செக் வைக்காமல் அடைத்துவிட்டாய்

நேற்று போனை வைப்பதற்கு முன் நீ கேட்டாய்: "அவ வேணாம்னு சொல்லலையேம்மா, அப்புறம் உனக்கு என்னா பிரச்சன?" கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் பட்டா நகலை நீட்டிக்கொண்டு, இன்னொருவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு. அதனால் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். எழுத்தில் சொன்னால் நடுவில் நீ "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று கட் பண்ண முடியாது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதமாட்டேன். உனக்காக இல்லை, அவளுக்காக. உன்னைப் போல ஒரு பையன் இந்த மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவனாவது இருக்கிறான். படித்தவன், குடிக்காதவன், கை நீட்டாதவன், "நான் என்னா தப்பு பண்ணேன்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்கிறவன். அவர்களுடைய அம்மாக்களும் படிக்கட்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: தை மாதம் என் மகனுக்குக் கல்யாணம். நிச்சயம் முடிந்துவிட்டது. அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். பெண் தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நான் அரூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அறிவுரை சொல்லிவிட்டு ஓரமாக உட்காரும் வயதில்லை, சண்டை போடும் வயது.

கண்ணு, உன்னிடம் செஸ்ஸைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிரிக்காதே. அந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. அதை நீயே மறந்துவிட்டு நிற்கிறாய். எனக்கு வருகிற கோபத்தில் பாதி அதனால்தான்.

என் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் தகர ஷீட்டுக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதுகிற பாயை உனக்குத் தெரியும். ஆபீசில் சர்வர் படுத்துவிட்டால் அவருக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. ஜனங்கள் படியில் உட்கார்ந்து ஆபீசைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் பலகையை விரிப்போம். எங்கள் இடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வெறுமனே ஜெயித்தால் மரியாதை கிடையாது. எதிராளியின் குதிரை, யானை, பிஷப், சிப்பாய் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, ராஜாவை மட்டும் தனியே நிற்கவைத்து, அதற்கப்புறம் ஜெயிக்க வேண்டும். அதற்குப் பெயர் மொட்டை. "இன்னிக்கு ரெண்டு தடவ மொட்ட" என்றால் பாய் மத்தியானம் வரைக்கும் சிரித்த முகமாக இருப்பார். நடுவில் நான் எப்படியோ செக்மேட் வைத்துவிட்டால் அவருக்குப் பிடிக்காது. "என்னா தங்கச்சி, பந்தி பாதியில எலைய எடுத்துட்ட?" என்பார். அடுத்தவனிடம் எதுவுமே மிச்சமில்லாமல் பார்ப்பதுதான் எங்களுக்கு ஆட்டம். மொட்டையடித்த ராஜா நகர வழியில்லாமல் நின்றுவிட்டால் "அடைச்சாச்சு" என்று கையைத் தட்டுவோம். அதுவும் ஜெயிப்புக் கணக்குதான்.

போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டோடு நீ வீட்டில் கிடந்தபோது என் போனில் செஸ் ஆப்பை ஏற்றிவிட்டாய். ஒரே வீட்டுக்குள் நீ கட்டிலில், நான் அடுப்படியில், ஆளுக்கொரு போனில் ஆடினோம். அதில் ஓர் ஆட்டம். உன்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும்தான் மிச்சம். உன் ராஜா மூலையில் இருந்தது. என் ராணி அதற்கு ஒரு கட்டம் தள்ளி நின்று அது போகக்கூடிய மூன்று கட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு யானையும் இருந்தது. உன்னுடைய அந்த ஒற்றைச் சிப்பாய் பலகையின் அந்தப் பக்க ஓரத்தில் நின்றது, யாருக்கும் தொந்தரவில்லாமல். நான் என்ன செய்திருப்பேன்? மொட்டை பழக்கம். யானையால் அதையும் வெட்டினேன். குக்கர் விசில் சத்தத்தோடு நீ சிரிக்கிற சத்தமும் சேர்ந்து வந்தது. போனில் டிரா என்று வந்தது.

"டேய், உன் போன் பொய் சொல்லுது" என்றேன், கரண்டியோடு வந்து நின்று.

"போன் சொல்லலம்மா. ரூலே அதுதான். என் ராஜாவுக்கு செக் இருக்கா?"

"இல்ல."

"போறதுக்கு எடம் இருக்கா?"

"எப்படி இருக்கும்? நாந்தான் அடைச்சிட்டேனே."

"வேற காயி இருக்கா நகத்தறதுக்கு?"

"எல்லாத்தையும் நாந்தான் தின்னுட்டேனே!"

"அதான். செக் வெச்சு, தப்பிக்க வழியில்லன்னா மேட்டு. நீ ஜெயிச்ச. செக்கே வெக்காம, நகர வழியில்லாம ஆக்கிட்டன்னா ஸ்டேல்மேட்டு. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

"என்னடா அநியாயமா இருக்கு? எங்கிட்ட ராணி இருக்கு, யானை இருக்கு. உங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"அதனாலதாம்மா நீ ஜெயிக்கல."

இதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த குறும்பு எனக்கு இப்போதும் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் சாப்பிட்டு முடிக்கும் வரை போகவில்லை. இத்தனை காயை வெட்டிக் குவித்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் எரியாது? அதற்கப்புறமும் நான் உடனே திருந்திவிடவில்லை. நீ ஓசூருக்குத் திரும்பிய பிறகு எத்தனையோ ஆட்டம் அப்படியே கோட்டைவிட்டேன். ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்த நிமிஷத்தில்தான் புத்தி மழுங்குகிறது. தோற்றுக்கொண்டிருக்கும்போது எதிராளியின் ஒவ்வொரு காயையும் கண்கொட்டாமல் பார்க்கிறோம். கை ஓங்கியதும் எதிர்ப்பக்கம் ஓர் ஆள் இருப்பதே மறந்துபோகிறது. நம் காய், நம் திட்டம், நம் அடுத்த அடி, அவ்வளவுதான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். புதிதாக ஆடுகிற யாருக்கும் இதைச் சொல்வேன். காயில் கை வைப்பதற்கு முன்னால் எதிராளியின் இடத்தில் உட்கார்ந்து பார்: நான் இதை வைத்தால், அவனால் எதை நகர்த்த முடியும்? ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் வை. இல்லையென்றால், அது செக்காகவாவது இருக்கிறதா என்று பார். செக்கும் இல்லை, அவனுக்கு வழியும் இல்லை என்றால் கையை எடு. மூலையில் நிற்கும் ராஜாவிடமிருந்து குதிரை தாவுகிற தூரத்தில் உன் ராணியை வைக்காதே. புதுசாக ஆடுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் விழுகிறோம். அவனிடம் நகரக்கூடிய சிப்பாய் ஒன்று இருந்தால் அது உனக்குத் தொந்தரவில்லை, பாதுகாப்பு. அது நகர்கிற வரைக்கும் ஆட்டம் உயிரோடு இருக்கும். ஏற்கெனவே ராணி இருக்கும்போது பேராசையில் சிப்பாயைக் கடைசி வரிசைக்கு ஓட்டி இரண்டாவது ராணி, மூன்றாவது ராணி என்று செய்து குவிக்காதே. அத்தனை ராணிகளும் சேர்ந்து பலகை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஒற்றை ராஜா எங்கே கால் வைப்பான்?

பாயிடமும் இனிமேல் இந்த விதிப்படிதான் ஆடுவேன் என்றேன். பெரிய சண்டை. "அடைச்சவன் ஜெயிக்கலன்னா அப்புறம் எதுக்குத் தங்கச்சி அடைக்கணும்?" என்றார். அடைக்க வேண்டியதே இல்லை, அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. அடுத்த வாரமே அவர் தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில் தானே ராஜாவை மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய் நின்றார். "அடைச்சுக்கோ, அடைச்சுக்கோ, ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று பல்லைக் காட்டினார். நான் அடைக்கவில்லை. ஒரு கட்டம் விட்டு, சுற்றி வந்து மேட் வைத்தேன். அன்றைக்கு டீ அவர் செலவு.

இனி உன் ஆட்டத்துக்கு வருகிறேன்.

நிச்சயம் ஆன வாரமே நீ ஆரம்பித்தாய். முதலில் அவளுடைய நைட் டியூட்டி. "ராத்திரி நேரத்துல தருமபுரி பஸ் ஸ்டாண்டுல நிக்கறது நல்லால்ல, மாத்திக்கச் சொல்லும்மா." சரி, அக்கறைதான் என்று நானும் சொன்னேன். அவளும் கெஞ்சிக் கூத்தாடி டியூட்டியை மாற்றிக்கொண்டாள். அடுத்தது வேலையே. "கல்யாணத்துக்கப்புறம் ஓசூரு வரணும், எப்படியும் விடணும், முன்னாடியே எழுதிக் குடுத்துட்டா என்னா?" அப்புறம் ஓசூரும் இல்லையென்று ஆனது. "மொதல்ல கொஞ்ச நாள் அரூர்லயே இருக்கட்டும். அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும்." அப்புறம் அவளுடைய ஸ்கூட்டி. அவள் சம்பளத்தில் வாங்கியது. "அரூர்ல வண்டி எதுக்கு? அவ தம்பிக்குக் குடுத்துட்டு வரட்டும்." கடைசியாக அவளோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப். அதில் பையன்கள் இருக்கிறார்களாம்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் சின்ன விஷயம். எதற்கும் நீ குரலை உயர்த்தவில்லை. எதையும் கட்டளையாகச் சொல்லவில்லை. அக்கறை மாதிரியோ, "என்னா?", "எதுக்கு?" என்று கேள்வி மாதிரியோதான் சொன்னாய். அவளை நீ மிரட்டினாயா? இல்லை. திட்டினாயா? இல்லை. அவள் ராஜாவுக்கு நீ ஒருமுறைகூட செக் வைக்கவில்லை. வெட்டிக்கொண்டே மட்டும் வந்தாய்.

இதில் என்னை வேறு இழுத்தாய். அம்மாவுக்கு ஒத்தாசை! நான் உன்னிடம் ஒத்தாசை கேட்டேனா? பேப்பர் ரிம் தூக்க எனக்குத் தெம்பில்லை என்று சொன்னேனா? என்னைக் காரணமாக வைத்து இன்னொரு பெண்ணின் சம்பளத்தை நிறுத்துகிறாய். மாமியாருக்காக மருமகள் வேலையை விட்டாள் என்று ஊர் பேசும். உன்னை யாரும் பேசமாட்டார்கள். இதுதான் இந்த ஊரில் எனக்கு ஜீரணமே ஆகாதது. முடிவெடுப்பவன் ஆண், பெயர் கெடுவது மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில்.

போன வாரம் அவளுடைய அம்மா கடைக்கு வந்தார். பத்திரிகை மாதிரியை ஒரு நகல் எடுக்க வந்ததாகச் சொன்னார். நகலை எடுத்துக் கொடுத்த பிறகும் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"சம்பந்தி, உங்ககிட்ட சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு ஒண்ணுமே பேச மாட்டேங்கறா."

"சண்டை கிண்டை போட்டாளா?"

"சண்டை போட்டாத்தான் பரவால்லீங்களே. சோறு துன்றா, டூட்டிக்குப் போறா, வூட்டுக்கு வர்றா. கல்யாணப் பேச்ச எடுத்தா சும்மா செவுத்தப் பாக்கறா. புடவ எடுக்கப் போலாம்னா, நீங்களே பாத்துட்டு வாங்கங்கறா. புடிக்கலையாடின்னா அதுக்கும் பதில் இல்ல. சரிங்கறதும் இல்ல, வேணாங்கறதும் இல்ல."

அன்றைக்குச் சாயங்காலமே உனக்குப் போன் போட்டேன். "அவதான் எல்லாத்துக்கும் சரின்னுட்டாளேம்மா" என்றாய். எப்போது சரி என்றாள் என்று கேட்டேன். "வேணாம்னு சொல்லல" என்றாய். நேற்றும் அதையேதான் சொன்னாய். டேய், எந்தச் சந்தையில் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டாய்? வேண்டாம் என்று சொல்லாததெல்லாம் சரி என்றால், பேச்சில்லாதவர்கள் எல்லோரும் உனக்குச் சம்மதித்தவர்கள்.

எந்தச் சந்தை என்று எனக்குத் தெரியும். உங்கப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இதை நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் பதக்கம் போலச் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் நான் டைப்ரைட்டிங் ஹையர் முடிக்க வேண்டும் என்றேன். "இப்ப என்னா அவசரம்?" என்றார். மரவள்ளிக் காட்டில் ஆள் குறைச்சல், சரி என்று விட்டேன். அங்கன்வாடி வேலைக்கு எழுதிப்போடுகிறேன் என்றேன். "போடேன், ஆனா பையன யார் பாத்துக்குவா?" என்றார். பையன் நீதான். என் அக்கா வீட்டுக்குப் பென்னாகரத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்றால் "போயிட்டு வா" என்பார், பிறகு அந்த நாள் முழுக்க வாயைத் திறக்கமாட்டார். வேண்டாம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு எதிரே யாரும் நிற்கவில்லை, ஆனால் எந்தப் பக்கமும் போக முடியவில்லை. எதிரே ஓர் ஆள் நின்று அடித்திருந்தாலாவது தப்பித்து ஓட வேண்டும் என்று தோன்றியிருக்கும். ஒன்றுமே நடக்காத வீட்டிலிருந்து எங்கே ஓடுவது? நீ ஹைஸ்கூலுக்குப் போன பிறகு ஒரு நாள், யாரையும் கேட்காமல், வாடகை பேசி, மிஷினை இறக்கி, கடையைத் திறந்துவிட்டு வந்து சொன்னேன். உங்கப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இந்த வாரம் உன் விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்து, "ஏன், நான் என்னைக்காவது உன்ன வேணாம்னு சொன்னேனா? நீ கடை வெக்கலையா?" என்றார். முழுக்க நம்பித்தான் சொல்கிறார். உனக்கும் முப்பது வருஷம் கழித்து அப்படித்தான் நம்பிக்கை வரும். அதுதான் எனக்குப் பயம்.

கடையில் நான் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் மார்க்‌ஷீட்டையும் டிகிரி சான்றிதழையும் லேமினேஷன் போடக் கொண்டுவருகிற அப்பாக்கள் அதிகமாகிவிடுவார்கள். வேலைக்கு அலைகிறவர்கள் யாரும் அசல் சான்றிதழை லேமினேட் செய்யமாட்டார்கள். சரிபார்க்கும் இடத்தில் அப்படிக் கொண்டுபோனால் முகம் சுளிப்பார்கள், சில இடங்களில் வாங்கவேமாட்டார்கள். நான் கேட்பேன், "வேலைக்குத் தேவப்படுமேங்க, அப்படியே ஃபைல்ல வெச்சிருக்கலாமே?" என்று. "இல்லம்மா, பாப்பாவுக்குக் கல்யாணம். இனி எதுக்கு? பீரோவுல கெடக்கறது செல்லரிக்காம இருந்தாச் சரி" என்பார்கள். சந்தோஷமாகத்தான் சொல்வார்கள். கடன் வாங்கிப் படிக்கவைத்த அதே ஆள். பிள்ளையை நர்சிங் படிக்கவைத்தோம், எம்.எஸ்சி. படிக்கவைத்தோம், எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு எதையும் மறுத்ததில்லை என்று மண்டபத்தில் பேசுவார்கள். சூடான பிளாஸ்டிக்குக்குள் அந்த மார்க்‌ஷீட்டை என் கையால்தான் விடுகிறேன். காசு வாங்கிக்கொண்டுதான் விடுகிறேன். மிஷினை உடைக்கலாமா என்று இருக்கும்.

நேற்று முன்தினம் கடையைப் பாயிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு தருமபுரி பஸ் ஏறினேன். உனக்குத் தெரியாது. அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே வரிசையில் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை கையை உதறி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அவள் அதனிடம், "நீ எனக்குக் கை குடுக்க வேணாம்டா தங்கம், எந்த வெரலு தைரியமான வெரலுன்னு மட்டும் காட்டு" என்றாள். அது யோசித்து ஒரு விரலைக் காட்டியது. வேலை முடிந்துவிட்டது. உனக்கு வரப்போகிறவளின் வேலை இது. அதை நீ ஒருமுறையாவது பார்த்திருக்கிறாயா?

கேன்டீனில் உட்கார்ந்தோம். நான்தான் ஏதேதோ உளறிக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்: "உனக்குப் புடிக்கலன்னா சொல்லிடு சாமி. எங்கிட்டயாவது சொல்லு."

"எதப் புடிக்கலன்னு சொல்றதுங்க அத்தை?" என்றாள். "நைட் டூட்டி வேணாம்னாரு, அதுல என்னா தப்பு? எல்லாரும் அவரு சொல்றது கரெக்டுதானேங்கறாங்க. வண்டி வேணாம்னாரு. ஒரு வண்டிக்காக கல்யாணத்த நிறுத்துனான்னு சொல்ல மாட்டாங்களா? குரூப்ப விட்டு வரச் சொன்னாரு. முடியாதுன்னா, அதுல அப்படி யாரு இருக்கான்னு கேப்பாங்க. ஒவ்வொண்ணா வேணாம்னு சொல்ல முடியல. மொத்தமா வேணாம்னு சொன்னா எங்கப்பா தல நிமிந்து நடக்க முடியாது, நிச்சயம் பண்ணியாச்சு. சரின்னு சொல்லிட்டா..." டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "சரின்னு சொல்லிட்டா, அப்புறம் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இருக்காதுங்க அத்தை. அதான் சும்மா இருக்கேன்."

"அவன் மோசமானவன் இல்ல" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா புத்தி.

"தெரியுங்க அத்தை. மோசமானவரா இருந்தா எனக்கு ஈசியா இருந்திருக்கும்."

நான் எழுந்து கை கழுவப் போனேன். குழாயடியில் நின்று அழுதேன் என்று எழுதினால் உனக்குச் சமாதானமாக இருக்கும். அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது. உன்மேல், உங்கப்பாமேல், அவளுடைய அப்பாமேல், உன் பேச்சுக்கெல்லாம் ஆரம்பத்தில் தலையாட்டித் தூது போன என்மேல்.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். "செஸ்ஸும் கல்யாணமும் ஒண்ணாம்மா? அவ என்னா எனக்கு எதிராளியா?" நானும் அதைத்தான் கேட்கிறேன். எதிராளி இல்லையென்றால் அவளுடைய காய்களை ஏன் வெட்டினாய்? அந்த டியூட்டி, வண்டி, குரூப், சம்பளம் எதுவும் உன்னைத் தாக்க வரவில்லை. பலகையின் ஓரத்தில் அவைபாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன. அவை இருந்த வரைக்கும் உன்னோடு சண்டை போட அவளுக்கு ஒரு வழி இருந்தது, சமாதானமாக ஒரு வழி இருந்தது, கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வர ஒரு வழி இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவள் ஏன் நகரமாட்டேன் என்கிறாள் என்று என்னைக் கேட்கிறாய்.

இன்னொன்றையும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். ராணியை மட்டும் விட்டு விரட்டினால் மேட் வராது, நம் ராஜா ஒவ்வொரு கட்டமாக நடந்து பக்கத்தில் வர வேண்டும் என்று. இந்த ஐந்து விஷயத்தில் ஒன்றையாவது நீ அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாயா? நைட் டியூட்டியை என்னை விட்டுச் சொன்னாய். வேலையை உன் மாமாவை விட்டுச் சொன்னாய். வண்டியைத் தரகர் மூலம் சொன்னாய். வாட்ஸ்அப் குரூப்பை வாட்ஸ்அப்பிலேயே சொன்னாய். ஓசூரிலிருந்து தருமபுரி என்ன சீமையா? பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. நீ வரவில்லை. வந்தால் அவள் முகத்தில் எதையாவது பார்க்க வேண்டியிருக்கும். பார்க்காமல் இருப்பதுதான் உனக்கு வசதி.

ஆட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். போனில் ஸ்டேல்மேட் ஆனால் ஆட்டம் முடிந்தது, பாதிப் பாதி, அடுத்த ஆட்டம். கல்யாணத்தில் ஸ்டேல்மேட் ஆனால் ஆட்டம் முடியாது. அதற்குள்ளேயே குழந்தை பெற்று, வீடு கட்டி, சீர் செய்து, வயசாகிச் சாவார்கள். பார்க்கிறவர்கள், என்ன அமைதியான குடும்பம் என்பார்கள். அப்படி ஒரு வீட்டில்தான் நீ வளர்ந்தாய். அது அமைதி என்று நீ நினைத்துக்கொண்டாய்.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன், பிறகு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம். அச்சகத்தில் பத்திரிகை வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். உங்கப்பா கத்தினார். கத்தட்டும், எத்தனையோ வருஷம் கழித்து வாயைத் திறந்திருக்கிறார். அவளுடைய அம்மாவிடம், "என் பையன் நேர்ல வந்து பேசற வரைக்கும் புடவ எடுக்க வேணாங்க" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் எதுவும் வாங்கிவரவில்லை. வாக்கும் வாங்கவில்லை, சம்மதமும் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காலை டியூட்டி. மத்தியானத்துக்கு மேல் வீட்டில் இருப்பாள். நீ போ. மாமாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, என்னையும் கூப்பிடாதே. ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம். நைட் டியூட்டியைத் திருப்பித் தருகிறேன், வண்டியைத் திருப்பித் தருகிறேன் என்று வள்ளல் போலப் பேசாதே. அவையெல்லாம் நீ கொடுத்தவை இல்லை. நான் கேட்டதெல்லாம் தப்பு, எதையும் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல். அதற்கப்புறம், உனக்கு என்ன வேண்டும் என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார். அவள் உடனே பேசமாட்டாள். உன்னை நம்பமாட்டாள். ஏன் நம்ப வேண்டும்? அவளுடைய அப்பா குறுக்கே வந்து "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள" என்பார். அவரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

வேலையை விடமாட்டேன், ஓசூரிலோ தருமபுரியிலோ லேபுக்குத்தான் போவேன் என்று சொல்லலாம். கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லலாம். உன்னை நாலு வார்த்தை திட்டலாம். கேட்டுக்கொள், நீ சம்பாதித்தது. இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்காதே, அழாதே, யோசித்துச் சொல் என்று இழுக்காதே. அவளுடைய அப்பாவிடம், வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று நீ சொல்லிவிட்டு எழுந்து வா. பெண்ணுக்கு அந்தப் பேச்சு வேண்டாம், நீ வாங்கிக்கொள். மண்டபத்துக்கும், மாமாவுக்கும், உங்கப்பாவுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் என்ன சொன்னாள் என்று அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு. நீ என்ன நினைத்தாய் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். அவள் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தையிலேயே சொல்.